ஒரு லாச்சியில் மூன்று இரவுகள்

டோக்கியோவில் முதலில் என் கால் சப்பாத்தைப் பறித்துக்கொண்டார்கள். பறித்தார்கள் என்று சொல்வது அநியாயம், குனிந்து வணங்கித்தான் வாங்கினார்கள். சப்பாத்தை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அந்தத் திறப்பை வரவேற்பு மேசையில் கொடுத்தால் வேறொரு திறப்புத் தருகிறார்கள். அது ஒடுங்கிய இரும்பு அலுமாரி ஒன்றின் திறப்பு. ஒரு கோட்டும் ஒரு சேட்டும் தொங்க இடமுண்டு, அவ்வளவுதான். லண்டனிலிருந்து நான் இழுத்துக்கொண்டு போன சூட்கேஸை வேறு நாலைந்து பெட்டிகளோடு சேர்த்து வலையால் மூடி வாசலோரம் விட்டார்கள். சப்பாத்து ஓரிடம், உடுப்பு ஓரிடம், சூட்கேஸ் ஓரிடம் என்று பிரித்து எடுத்த பிறகு மிஞ்சிய நான் மூன்றாம் மாடிக்குப் போய், ஏணியில் ஏறி, மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் தலையை முதலில் விட்டு ஊர்ந்து நுழைய வேண்டும். அதற்குப் பெயர் கப்சூல் ஹோட்டல். கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலகக்காரர்களுக்காகக் கட்டியது. நான் ஒரு ரயிலையும் தவறவிடவில்லை. ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் பறந்து, வேண்டுமென்றே வந்து படுத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெம்பிளியில் ஏழு ஆண்கள் ஒரு வீட்டில் இருந்தோம். மூன்று படுக்கையறை. எனது அறையில் நானும் குணம் அண்ணையும். அவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், வீட்டுக்கு முதலில் வந்தவர், ஆகவே சட்டமும் அவர்தான். இந்தக் கப்சூல் ஹோட்டலை நாங்கள் முதலில் கண்டது அந்த வீட்டுத் தொலைக்காட்சியில். மனிதர்கள் தேன்கூட்டில் பூச்சிகளைப் போல ஏறிப் புகுவதைப் பார்த்துவிட்டுக் குணம் அண்ணை, "ஆஸ்பத்திரியில பிரேதம் வைச்சு இழுத்து மூடுற லாச்சி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். வீடு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் போன மனிதன் வாயிலில் இருந்த திரையை இழுத்து மூடினான் பாருங்கள், அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்து மூட எனக்கென்று ஒன்று பத்து வருடமாக இருந்ததில்லை.

அது எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. டோக்கியோவுக்குப் போவதற்கு ஆறு மாதம் முன்னர் என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். செய்தி லண்டனுக்கு வந்து சேரப் பத்தொன்பது நாள். சண்டையால் பாதை பூட்டு, ரெலிபோன் இல்லை, கொழும்புக்கு வந்த ஒருவர் அங்கிருந்து எடுத்துச் சொன்னார். அதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. திரும்பிப் போகவும் வழியில்லை, என்னிடம் இருந்த அகதிப் பத்திரம் எந்த நாட்டுக்கும் போகலாம், அந்த ஒரு நாட்டைத் தவிர என்றது. ரெலிபோன் எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நான் அதைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க, ஆறு பேர் சுற்றிவர நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் யாருக்குக் கண்ணீர் வரும்? நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

பிறகு துக்கம் விசாரிக்க வந்தார்கள். ரெய்னர்ஸ் லேனிலிருந்தும் வால்தம்ஸ்டோவிலிருந்தும் சனி ஞாயிறுகளில் கார் காராக. அவர்கள் நல்லவர்கள், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் ஒவ்வொருவரும் வந்திருந்து தங்கள் தாய் எப்படிப் போனார் என்று சொன்னார்கள். நான் தேநீர் ஊற்றினேன். சீனி போதுமோ என்று கேட்டேன். குளியலறைக்குள் போய் அழலாம் என்று கதவைப் பூட்டினால், "அண்ணை, எனக்கு ஷிப்டுக்கு நேரம் போகுது" என்று யாராவது தட்டுவார்கள். வேலை செய்த பெற்றோல் நிலையத்தில் என்னைச் சுற்றிக் கண்ணாடி. இப்படியே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வந்து போனது. ஒரு சொட்டு விடவில்லை. ஒரு மனிதனுக்குப் பெற்ற தாயை அழ ஒரு கதவு கிடைக்காதென்றால் அவன் என்ன வாழ்க்கை வாழ்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜப்பானுக்குப் போகிறேன் என்றதும் வீடு கலங்கியது. எங்களுடைய ஆட்கள் பயணம் போவதென்றால் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போவார்கள். ரொறன்ரோவில் மாமா, பாரிசில் மச்சான், சூரிச்சில் பெரியம்மாவின் மகள். உலகப்படத்தில் மற்ற இடமெல்லாம் கடல்தான்.

"அங்க ஆர் உமக்கு இருக்கினம்?" என்று குணம் அண்ணை கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்குப் போறீர்?"

"அதுக்குத்தான் அண்ணை."

"உமக்கு விசர்" என்றுவிட்டு, அரைக்கிலோ மிளகாய்த்தூளைப் பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அங்கே யாரிடம் கொடுக்க என்று கேட்டேன். "ஆராவது தமிழாக்கள் வருவினம், சந்திச்சால் குடும்" என்றார்.

அந்த ஹோட்டலில் படுப்பதற்கு முன் குளிக்க வேண்டும் என்பது வழக்கம். கீழ்மாடியில் ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டி. நான் ஊர்க் கிணற்றடிப் பழக்கத்தில் இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வேலையாள் ஒருவர் ஓடிவந்து இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்துக் காட்டினார். தொட்டி பூட்டு என்று விளங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அரைமணி கழித்து மறுபடியும் போனேன், மறுபடியும் குறுக்குக் கை. பிறகு தொட்டிக்குள் இருந்த ஒரு கிழவர் எழுந்து நின்று, என் சாரத்தைச் சுட்டி, தன்னைச் சுட்டி, தெளிவாகக் காட்டினார். மனிதரில் நூல்கூட இல்லை. சுற்றிப் பார்த்தேன், ஒருவரிலும் இல்லை. முப்பத்துமூன்று வயதில், முன்பின் தெரியாத பதினைந்து பேருக்கு நடுவே, சாரத்தை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அது தோன்றியது. என்னை இந்தக் கோலத்தில் கடைசியாகக் கண்டவர் அம்மா. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிவிட்டு, கண்ணை மூடடா என்று சொன்னவர்.

ஈரத்தோடே அவர்கள் தந்த அங்கியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஏணியில் ஏறி, பெட்டிக்குள் புகுந்து, திரையை இழுத்து மூடினேன். ஆறு மாதமாகக் காத்திருந்த இடம். வாயைத் திறந்தேன்.

எங்களுடைய அழுகைக்குச் சத்தம் உண்டு. சத்தமில்லாமல் அழ எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. "அம்மா" என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று புறப்பட்டு, பாதி வெளியே வந்ததும், பக்கத்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் சுவரில் டொக், டொக் என்று இரண்டு தட்டு. மிகவும் மரியாதையான தட்டு. அதுதான் கொல்கிறது, தூஷணத்தால் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மிச்சப் பாதியை விழுங்கினேன். தலையணையைக் கடித்தால், அதற்குள் ஏதோ உமி அடைத்திருந்தார்கள், அது சரசரத்தது. மறுபடியும் தட்டு. பிறகு வரவில்லை. பூட்டிய பைப் மாதிரி நின்றுவிட்டது. இரவு முழுக்க ஒரு பெரிய ஆத்திரம் மட்டும் என்னோடு படுத்திருந்தது. தட்டியவன் மேல், வெம்பிளியில் குறட்டை விடும் குணம் அண்ணை மேல், ஊரில் சண்டை பிடிப்பவர்கள் எல்லோர் மேலும், கடைசியில், எனக்குச் சொல்லாமல் போன அம்மா மேலும்.

காலையில் முகம் கழுவும் இடத்தில் கழுத்தில் ரை கட்டிய ஒருவர் என் முன்னால் வந்து குனிந்தார். பக்கத்துப் பெட்டிக்காரர். ஒரு வெள்ளை முகமூடியும் சளித் தடிமனுக்குக் குடிக்கும் மருந்துத்தூள் பைக்கட்டுகளும் நீட்டினார். தன் மூக்கைத் தொட்டு, பாவம் என்பதுபோல முகத்தைச் சுருக்கினார்.

"தடிமன் இல்லை. என்னுடைய தாய் செத்துப்போனா" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த வசனத்தை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதற்தடவை.

"யெஸ், யெஸ்" என்று அவர் தலையாட்டி, மூன்று விரலைக் காட்டினார். நாளுக்கு மூன்று வேளை. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவுதான். எனக்கு ஜப்பானிய மொழி அதுவும் இல்லை. வாங்கிக்கொண்டு நானும் குனிந்தேன். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது மிளகாய்த்தூள்தான், அதைக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். மற்ற இரண்டு இரவும் நல்ல நித்திரை கொண்டேன். அதற்கா போனேன்?

வெம்பிளிக்குத் திரும்பியது ஒரு பிற்பகலில். கதவைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. என்னுடைய கட்டிலில் தவராசா என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், நான் இல்லாத நேரத்தில் ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர், என் இடத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். தகப்பன் இறந்துவிட்டாராம், செய்தி அப்போதுதான் வந்ததாம். லண்டனுக்கு வந்து மூன்று நாள்தான், ஆகவே லண்டன் வழக்கம் அவருக்குத் தெரியாது. நெஞ்சில் அடித்து, "ஐயோ என்ர அப்பா" என்று வீடு அதிரக் குளறினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சுவரில் இடித்தார். குணம் அண்ணை எழும்பிப் போய், முஷ்டியை மடக்கி, அதைவிடப் பலமாகத் திருப்பி இடித்தார்.

"அழட்டும்! ஆரடா தடுக்கிறது?" என்றார் சுவரைப் பார்த்து, தமிழில்.

அவ்வளவுதான். எனக்கு உடைந்தது. அறை வாசற்படியிலேயே குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒருவர் வந்து முதுகைத் தடவினார். "பாருங்கோ, பயணத்தால வந்த களைப்போட, முன்னப்பின்னத் தெரியாத ஆளுக்காக அழுறார். இளகின மனம்" என்று இன்னொருவருக்குச் சொன்னார்.

தவராசா கட்டிலால் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். அழுதழுது குரல் அடைத்திருந்தது.

"தம்பிக்கு என்ர அப்பாவைத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம், தெரியும்" என்றேன்.