விசாவுக்குப் போட்ட பியர்

எங்கள் தெருவில் பழைய சாமான்களை வெளியே வைக்கும் வாரம் இது. செவன் ஹில்ஸில் காலை நடை போனால் வீட்டுக்கு வீடு ஒரு குவியல். நசுங்கிய மெத்தை, கால் போன கதிரை, யாரோ பெரிய வைராக்கியத்தோடு வாங்கிக் கைவிட்ட உடற்பயிற்சிச் சைக்கிள். இன்று அப்படியொரு குவியலில் வெள்ளைப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று நின்றது, அடியில் ஒரு குழாயோடு. வீட்டில் பியர் போடுகிற பீப்பாய். மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டு மணந்து பார்த்தேன். நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். அவர்மேல் பிழையில்லை.

புளித்த தோசைமாவில் சீனிப்பாகு ஊற்றினதுபோல ஒரு மணம். அது என்னை நேரே நான் முன்பு இருந்த வென்ட்வேர்த்வில் வீட்டின் லோண்ட்ரிக்குள், அந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்குள், கொண்டுபோய் விட்டது.

அங்கே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். குணா அண்ணை, தவம், நான். மூவரும் படகில் வந்தவர்கள். மூவரும் விசாவுக்குக் காத்திருந்தவர்கள். தவம் இதுபோல ஒரு குவியலில் இருந்துதான் எங்கள் பீப்பாயைத் தூக்கிவந்தான். மோல்ட் என்கிற பார்லிப் பாகு, சீனி, தண்ணீர், ஈஸ்ட், இவ்வளவுதான் பியர். அது நொதித்து அடங்கியதும் இன்னும் கொஞ்சம் சீனி போட்டு மூடியை இறுக்கினால் உள்ளே அமுக்கம் ஏறும், நுரை வரும். அந்த அமுக்கம்தான் குழாய்க்கு எமன். எங்கள் குழாய் முதல் நாளே ஒழுகத் தொடங்கிவிட்டது.

குணா அண்ணை குறடு எடுத்து முறுக்கினார். இன்னும் கூடுதலாக ஒழுகியது. பிறகு ரப்பர் வாஷருக்குத் தேங்காயெண்ணெய் பூசினார். "எண்ணெய் போட்டால் எந்த ரப்பரும் படியும், தம்பி." ஒழுக்கு நின்றதோ இல்லையோ, பியரில் நுரை நின்றுவிட்டது. எண்ணெய் பட்டால் நுரை செத்துவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? தவம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணை, இது குடிக்கிறதோ, தலைக்கு வைக்கிறதோ?"

அதன்பிறகு குழாய் என் பொறுப்பு. வாஷரை உட்பக்கம் போட வேண்டும். கையால் மட்டும் இறுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பி, கீழே டிஷ்யூ விரித்து, ஈரம் படுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மேல் அதில் வித்தை ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வீட்டில் நான் என்ஜினியர் மாதிரி நடந்துகொண்டேன்.

குணா அண்ணைக்கு விசா நேர்முகம் வந்தபோது தவம்தான் அந்தச் சட்டத்தைப் போட்டான். "விசா வருமட்டும் ஒருத்தரும் பைப்பில கை வைக்கப்படாது. திறக்கிறது விசா வந்த ஆள். கிளாஸ் பிடிக்கிறது மற்ற ஆக்கள்." ஊரில் நேர்த்திக்குத் தேங்காய் அடிப்பார்கள், நாங்கள் பியர் போட்டோம். விசா வருவதற்குள் பியர் கெட்டுவிடும். கொட்டிவிட்டு மறுபடி போடுவோம். இதற்கிடையில் குழாய் ஒரு சொட்டு விட்டாலும் எனக்கு நெஞ்சு பதறும், விசாவே ஒழுகிப் போவதுபோல.

அண்ணைக்கு வந்தது. குழாயைத் திறந்துவிட்டு விம்மி விம்மி அழுதார். தவம் பிடித்திருந்த கிளாஸ் நிறைந்து வழிந்து நிலமெல்லாம் பியர். பிறகு அவர் மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் இருக்கும் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார்.

அடுத்தது தவத்துக்காகப் போட்டோம். மகளைப் பல் முளைக்காத பிள்ளையாகக் கிளிநொச்சியில் விட்டு வந்தவன். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். ஒரு மத்தியானம் லோயர் போன் எடுத்து, அவனுடைய கேஸ் தள்ளுபடியாகிவிட்டது என்றார். அவன் லோண்ட்ரியில் போய் நின்று பீப்பாயைத் தடவினான்.

"ஒழுகேல்லை, என்ன?"

"இல்லை மச்சான்."

"நல்லாத்தான் பூட்டியிருக்கிறாய்."

வழக்கை இழுக்க அவனுக்கு மனமில்லை. மகள் தன்னை மறந்துவிடுவாள் என்று பயந்தான். திரும்பிப் போகச் சம்மதம் என்று தானே கையெழுத்து வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினான். போகும்போது என் தோளைப் பிடித்துச் சொன்னான்: "உனக்கு வரும். வந்த உடன திற. எனக்குப் போன் எடு."

அவனுடைய பியரை நான் கொட்டினேன். எனக்கென்று புதிதாகப் போட்டேன். அறைகளுக்கு வேறு இரண்டு பேர் வந்தார்கள். இரவு வேலை, பகல் நித்திரை, முகம் பார்த்துக் கதைத்ததில்லை. வேலையால் வந்ததும் லோண்ட்ரிக்குள் போய் டிஷ்யூவைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். அந்த வீட்டில் எனக்காக ஏதோ ஒன்று காத்திருந்தது என்றால் அது அந்த டிஷ்யூதான். அவ்வளவு தனிமை.

பிறகு எனக்கும் வந்தது. குணா அண்ணைக்குப் போன் எடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றார். "நல்லது தம்பி, பிறகு ஆறுதலா எடுக்கிறன்," என்று வைத்துவிட்டார். வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் கிளாஸை வைத்து, குழாயைத் திறந்தேன். நாங்கள் போட்டதிலேயே அதுதான் ஆகத் திறம். நுரை அப்படி நின்றது. நின்றபடியே குடித்துவிட்டுத் தவத்துக்குப் போன் எடுத்தேன்.

சந்தோசத்தில் கத்தினான். கத்தி முடித்துவிட்டுக் கேட்டான்: "ஆரடா கிளாஸ் பிடிச்சது?"

"குணா அண்ணை. மெல்பேர்னில இருந்து வந்தவர்."

"அப்ப சரி. தனியத் திறந்திட்டியோ எண்டு பயந்துபோனன்."

அந்த வீடு இப்போது இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். லோண்ட்ரி இருந்த இடத்தில் கார்கள் இறங்குகின்றன. தவம் போன் எடுக்கும்போதெல்லாம், "எங்கட வீட்டில இப்ப ஆர் இருக்கினம்?" என்று கேட்பான். புதுப் பெடியள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.