அப்பா அறுத்த மேசை

போன வாரம் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு விலை பார்க்க ஆள் கூப்பிட்டோம். சிரிக்காதீர்கள்… பழைய சாமான்களுக்கும் மதிப்பீட்டாளர் உண்டு. பலாங்கொடையிலிருந்து ஹனீபா நானா வந்தார்.

விஷயம் இதுதான். அப்பா, அம்மா காலமான பிறகு மிஞ்சியது நெதுன் என்ற உயர்ந்த மரத்தில் செய்த ஒரு மேசை. தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு அது வேண்டும். என் பங்கை நான் விட்டுவிட்டேன். கனடாவில் இருக்கும் தம்பி ஜெரோமோ, "வெல போட்டு என் பங்க குடுத்துருங்க" என்றுவிட்டான். பாலர் பாடசாலை டீச்சர் சம்பளத்தில் அவள் பணத்துக்கு எங்கே போவாள்?

அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரை மாறிப்போனால் பங்களா முற்றத்தில் சாமான்கள் ஏலத்துக்கு வரும். தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த அப்பா அப்படிப் பிடித்த மேசை அது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, மரவள்ளிக்கிழங்கும் கட்டச்சம்பலுமாக அதைச் சுற்றி உட்கார்ந்த சுகம் இருக்கிறதே… இனி வராது.

ஹனீபா நானா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"என்னத்துக்கு வெல? இன்ஷூரன்ஸுக்கா, அவசரமா விக்கவா, பங்கு பிரிக்கவா?"

"ஒரு மேசைக்கு மூணு வெலையா நானா?" என்றேன்.

"ஓ. இன்ஷூரன்ஸுன்டா புதுசா செய்ய என்ன போகுமோ அது. பங்குன்டா, அவசரமில்லாம விக்கிறவரும் விரும்பி வாங்குறவரும் ஒத்துக்கிற வெல."

ஸ்டெல்லா மெல்ல இழுத்தாள். "கொஞ்சம் கொறச்சுப் போடுங்களேன் நானா."

"ஏலாது தங்கச்சி. ஒங்கட தம்பி கேட்டாலும் கூட்டிப் போட மாட்டேன்."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் மனசு சரியில்லை. நானா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"இந்தக் கால யாரு அறுத்த?"

அப்பாதான். நாற்காலி வாங்க வசதி இல்லை, குட்டையான பலகைக்கட்டையில்தான் உட்காருவோம். சின்னவன் ஜெரோமுக்குத் தட்டே எட்டாது. ஒரு நாள் மரம் அறுக்கும் வாளை எடுத்து நாலு காலையும் அறுத்துவிட்டார். "தொர வீட்டுச் சாமான இப்பிடிப் பாழாக்கிட்டீங்களே" என்று அம்மா கண்ணை மூடும்வரை திட்டினார்.

"அறுக்காட்டி பெரிய வெல. இப்ப அதில பாதியும் போகாது" என்றார் நானா. அவ்வளவுதான் என்றால் தம்பியின் பங்கை ஸ்டெல்லா சமாளித்துவிடுவாள். நிம்மதியில் அழுதேவிட்டாள், பாவம்.

மாலையே தம்பியை வீடியோவில் கூப்பிட்டு, விலை ஏன் இறங்கியது என்று சொன்னோம்.

"எனக்கு எட்டலன்னுதானேண்ணே அப்பா அறுத்தாரு? வெலய கொறச்சதே நான்தான். எனக்கு எதுக்குப் பங்கு… அவளே வச்சுக்கட்டும்."

முழுக் காலோடு இருந்திருந்தால் அந்த மேசை நல்ல விலைக்குப் போயிருக்கும் — எங்கள் வீட்டை விட்டும் போயே போயிருக்கும்!