நாய் நலம் என்று ஒரு சீட்டு

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மற்ற ஆஸ்பத்திரிகள் எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். எண்பதுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வேலை ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில். வெளுத்து வருகிற துணியை ரோலாகச் சுற்றிக் காகிதத்தில் பொதிய வேண்டும். தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஐந்தாவது மாதம், முதல் பிள்ளை.

பஸ்ஸை விட்டு இறங்கி கம்பெனிக்குப் போகிற தெருவில் ஒரு மில் முதலாளி வீடு இருந்தது. அவர் வளர்த்தது ராஜபாளையம் ஜாதி வெள்ளை நாய். இந்த நாய்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இவரிடம் குட்டி வாங்க மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆனால் இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடு. அந்த வீட்டு நாயும் செவிடுதான். வாட்ச்மேன் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலால் தரையில் ஓங்கி மிதிப்பார், அந்த அதிர்வுக்கு அது திரும்பும். தெருவில் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஒரு நாள் காலை கேட் திறந்து கிடந்தது. நாய் வெளியே வந்து, குரைக்காமல் கொள்ளாமல், என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தூக்குவாளியால் அதன் மண்டையில் அடித்தேன், விடவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து முறுக்கிய பிறகுதான் விட்டது. எதிர்த்த டீக்கடைக்காரர், யார் கேட்டார்களோ, ஒரு கை காப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அப்பினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தக் காப்பித்தூளை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்தார். வலியில் எனக்குக் கண் இருட்டியது. கட்டுப் போடுங்கள் என்றேன். நாய்க்கடிக்குக் கட்டுப் போடக்கூடாது என்றார். ஊருக்கெல்லாம் கட்டுத்துணி சுற்றி அனுப்புகிறவளுக்கு அன்றைக்குத்தான் இது தெரிந்தது.

டாக்டர் என் காலைவிட வயிற்றைத்தான் அதிகம் பார்த்தார்.

"நாய்க்கடி ஊசி தொப்புளைச் சுத்திப் பதினாலு போடணும். பிள்ளைத்தாய்ச்சிக்கு எதுக்கும்மா வம்பு? வளர்க்கிற நாய்தானே. பத்து நாளைக்குப் பாரு. நாய் நல்லா இருந்தா உனக்கு ஊசியே தேவையில்லை. செத்துப்போனா உடனே ஓடி வா."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கடித்த அன்றே ஊசியைத் தொடங்கி, பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று அதே நர்ஸ் பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். டாக்டர் பக்கத்தில் இருந்தபோது அவருக்கு வாய் வரவில்லை.

அதோடு விட்டாரா? நாய் நன்றாக இருக்கிறது என்று நான் வாயால் சொன்னால் போதாதாம். நாய்க்காரரிடம் தினமும் எழுதி வாங்கி வரவேண்டுமாம். கடிபட்டவள் நொண்டிக்கொண்டே போய், கடித்த நாய் சுகமா என்று விசாரித்து, கையெழுத்து வாங்கி வரவேண்டும். இப்படி ஒரு வைத்தியத்தை வேறு எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

மறுநாள் காலை கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ளே போய்ச் சீட்டு வாங்கி வந்தார். மில் பேர் அச்சடித்த லெட்டர் பேடு. 'எங்கள் வீட்டு நாய் நலமாக உள்ளது.' கீழே வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து. என் கால் எப்படி இருக்கிறது என்று அதில் ஒரு வரி கிடையாது. முதலாளியே ஒரு தடவை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டு நாய் சும்மா யாரையும் கடிக்காதும்மா. நீ என்ன பண்ணுன?"

நான் நடந்துபோனேன், அதுதான் பண்ணினேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பெரிய இடம், வாயைக் கொடுக்காதே என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

காலையில் சீட்டு, சாயங்காலம் ஆஸ்பத்திரி. டாக்டர் சீட்டைப் படித்து, மற்றச் சீட்டுகளோடு சேர்த்துக் குத்திவைத்து, போகலாம் என்பார். கேட்டுக்குள்ளே வெள்ளை நாய் தினமும் கட்டிக்கிடந்தது. நானும் அதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்வேன்.

ஆறாவது நாள் நான் சீட்டுக்காகக் காத்து நின்றபோது, என் முதுகுக்குப் பின்னால் ஒரு பால்காரர் சைக்கிளில் போனார். ரப்பர் ஹாரனை இரண்டு தடவை அமுக்கினார். கேட்டுக்குள்ளே எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்த நாய் விருட்டென்று எழுந்து, சத்தம் வந்த பக்கம் திரும்பிக் குரைத்தது.

பிறவிச் செவிட்டு நாய்க்கு என்றைக்கிலிருந்து காது கேட்க ஆரம்பித்தது? சீட்டோடு வந்த வாட்ச்மேன் சட்டையைக் கம்பி வழியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் என் அப்பா வயசுக்காரர். அதை எல்லாம் அப்போது பார்க்கத் தோன்றவில்லை.

"அண்ணே, இது எந்த நாய்?"

"சத்தம் போடாதீக தாயி. இது மொதலாளியோட தம்பி வீட்டு நாய்."

"என்னைக் கடிச்சது எங்க?"

அவர் மாடியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மறுநாளே கூமாப்பட்டித் தோப்புக்குக் கொண்டுபோயாச்சு. நாய்க்கு வெறிங்கிறது குட்டிக்குச் சொல்லி வச்சவுக காதுல விழுந்திரும்னு மொதலாளி பயந்தாக. முந்தாநேத்து ராத்திரி நான் அங்க இருக்கும்போதே செத்துப்போச்சு தாயி. வாயெல்லாம் எச்சியா ஒழுகி, தண்ணிய எறக்க முடியாமச் செத்துச்சு."

நான் அழவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வாங்க. வந்து இதைச் சொல்லுங்க" என்றேன்.

"வேலை போயிரும் தாயி."

"எனக்கு உசுரே போகப்போகுது அண்ணே. ஒண்ணு இல்ல, ரெண்டு உசுரு."

அவர் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு என் பின்னால் வந்தார்.

டாக்டர் நம்பவில்லை. குத்திவைத்த சீட்டுகளை எடுத்து விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். "எம்புட்டுப் பெரிய மனுசன் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீ வந்து வேற நாய்ங்கிற. எல்லாம் வெள்ளை நாய்தானே, உனக்கு எப்படித் தெரியும்?"

"கடிச்சது செவிட்டு நாய் சார். அங்க கட்டிக்கிடக்குற நாய்க்குக் காது கேக்குது."

"நீ நாய்க்குக் காது டெஸ்ட் வேற பண்ணுனியா?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எத்தனையோ பேரை மன்னித்துவிட்டேன், அந்தச் சிரிப்பை மட்டும் மன்னிக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி சாவுக்குப் பயந்து நிற்கிறாள், லெட்டர் பேடில் எழுதாத காரணத்தால் அவள் சொல்வது வேடிக்கையாகிவிட்டது.

டாக்டர் வாட்ச்மேனிடம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. நாய் நல்லா இருக்கா?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் என் வயிற்றைப் பார்த்து நிறுத்தினார். வலது கையில் சுற்றியிருந்த துண்டைப் பிரித்து, கையை மேஜைமேல் வைத்தார். புறங்கையில் மஞ்சள் பற்றுக்கு நடுவே இரண்டு பல் பதிந்த ஓட்டை, சுற்றிலும் வீக்கம்.

"செத்துப்போச்சுங்கய்யா. தோப்புல கட்டும்போது என்னையும் பிடிச்சிருச்சு."

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். நர்சைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் எழுதும்மா" என்றார். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாட்ச்மேனும் பதினான்கு ஊசியையும் போட்டுக்கொண்டோம். இரண்டு பேருமே பிழைத்தோம். என் மகளும் குறையில்லாமல் பிறந்தாள். வாட்ச்மேனை அன்று சாயங்காலமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

முதல் ஊசிக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவரைப் பிடித்து ஏசினேன். எனக்காவது நாய் செத்தது தெரியாது. அது செத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

"கையில கடிய வச்சுக்கிட்டு இத்தனை நாளா ஏன் அண்ணே இங்க வரல?"

"எப்படி தாயி வர? நாய் நல்லா இருக்குன்னு மொதலாளி தினமும் எழுதிக் கொடுக்காக. நான் வந்து ஊசி போட்டுக்கிட்டா அவுக எழுத்து பொய்யாயிருமேன்னு இருந்துட்டேன்."