நோக்கத்துக்கு மதிப்பெண் இல்லை

வெளிநாடு போய் மனித வளர்ச்சியும் குடும்பவியலும் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"புள்ள வளக்கக் கத்துக்கவா கடல் தாண்டிப் போற? எங்கம்மா எட்டுப் பெத்து வளத்தாங்க. எந்தக் காலேஜுக்குப் போனாங்க?"

"அந்த எட்டுல மூத்தது நீங்கதானே மாமா? அதப் பாத்துட்டுதான் படிக்கவே போறேன்."

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயர் நெருஞ்சி. மிதித்த காலைச் சும்மா விடமாட்டாள்.

போன இடத்தில் முதல் மிதி, கல்லூரியின் குழந்தைகள் அறையில் விழுந்தது. அங்கே மூன்று வயதுப் பிள்ளைகளோடு ஒரு பருவம் பழகினால்தான் பட்டம்; இல்லையென்றால் விசாவும் போய்விடும். அவள் வாய் திறந்ததுமே அறைப் பொறுப்பாளர் முகத்தைச் சுளித்தார்.

"உன் உச்சரிப்பு புள்ளைங்களுக்குத் தொத்திக்கும். நீ பின்னாடி பொம்மை கழுவு."

பொம்மை கழுவுவது பயிற்சிக் கணக்கில் வராது. அது தெரிந்தேதான் அனுப்பினார். பிள்ளைகளின் எச்சில் காய்ந்த மரக்கட்டைகளைத் தேய்த்துத் தேய்த்து நெருஞ்சியின் விரல்கள் வெளுத்தன. ஒருநாள், "அந்த இருட்டறைக் கண்ணாடியையும் தொடச்சிடு" என்று உத்தரவு வந்தது. மாணவர்கள் மறைவாக இருந்து பிள்ளைகளைக் கவனிக்கும் அறை அது. உள்ளிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி.

துடைத்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளரும் ஒரு சிறுமியும் மட்டும் இருந்தார்கள். சிறுமியும் வேற்றுமொழி வீட்டுப் பிள்ளை. சற்று நேரத்தில் பொறுப்பாளர் வெளியேற, நெருஞ்சி துணியை வீசிவிட்டு ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"உடனே போய்ப் புகார் குடுடி" என்றாள், நடந்ததைக் கேட்ட அறைத்தோழி.

"குடுத்தா, பேசக் கத்துக்குடுத்தேன்னு சொல்லித் தப்பிச்சிடும். நாலு நாள்ல வாய்மொழித் தேர்வு. அதுவரைக்கும் அந்தக் கண்ணாடிய விட்டு நகர மாட்டேன்."

தேர்வு இதுதான்: பெரியவர் ஒருவர் குழந்தையோடு இருப்பதைக் கவனித்து, துறைத் தலைவர் முன் சொல்ல வேண்டும். பெயர் கூடாது. கண்ணால் கண்டது மட்டும். 'பிடிவாதம்' என்று குணமோ நோக்கமோ சொன்னால் சுழி. 'தரையை உதைத்தது' என்றால் மதிப்பெண். விதிகளை வகுத்தவர் பொறுப்பாளரே.

தேர்வன்று துறைத் தலைவரும் பொறுப்பாளரும் எதிரே அமர்ந்திருக்க, நெருஞ்சி எழுந்தாள்.

"கொழந்தை தண்ணிக் கோப்பையக் காட்டி, தன் மொழியில ஒரு வார்த்தை சொல்லுச்சு. பெரியவர் கோப்பையத் தலைக்கு மேல தூக்கி, 'சரியாச் சொல்லு'ன்னாங்க. கொழந்தை அதே வார்த்தையத் திரும்பச் சொல்லுச்சு. பெரியவர் கோப்பைய அலமாரி மேல வச்சிட்டு வெளிய போனாங்க. கொழந்தை காலிப் பொம்மைக் கோப்பைய எடுத்து வாயில வச்சுக்குச்சு."

"நான் அவளுக்குப் பேசத்தான் கத்துக்குடுத்தேன்!" பொறுப்பாளர் எழுந்தே விட்டார்.

துறைத் தலைவர் மெல்லத் திரும்பினார். "அந்தப் பொண்ணு யார் பேரையும் சொல்லலையே மேடம்?"

"அதோட மேடம் சொல்றது நோக்கம் சார்," என்றாள் நெருஞ்சி. "நோக்கத்தச் சொன்னா சைபர்னு மேடம்தான் விதி போட்டாங்க."

விசாரணை முடியும்வரை பொறுப்பாளர் பிள்ளைகள் பக்கம் போகக் கூடாது, பின்னறையில் பொருள்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. நெருஞ்சிக்குக் குழந்தைகள் அறை கிடைத்தது.

"பாவம்டி, இதோட விட்டுடேன்" என்றாள் தோழி.

"பாவமா? அந்தப் பாவம் அன்னைக்கு அலமாரிக்குக் கீழ தாகத்தோட உக்காந்திருந்துச்சு. அப்போ யாரும் பாக்கல."

அடிபட்டவரிடம் மட்டுமே பெருந்தன்மை கேட்கும் உலகம் இது. நெருஞ்சி அதற்குக் காது கொடுக்கவில்லை. அன்று மாலை, பிள்ளைகள் கடித்துப் போட்ட பொம்மைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு பின்னறைக்கே போனாள். பொறுப்பாளர் காலடியில் இறக்கினாள்.

"சோப்பு வாளிக்குப் பக்கத்துல இருக்கு மேடம். இடுக்கெல்லாம் நல்லாத் தேய்ங்க, எச்சில் காஞ்சிருக்கும்."

தன் உச்சரிப்பில், ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்திச் சொன்னாள்.