வங்கி ஐயாவின் தும்மல்

காற்சட்டை போட்ட யாராவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தை நோக்கி ஏறி வருகிறார் என்று தெரிந்தால் போதும், வீட்டில் இருப்பதில் பாதி பின்கதவு வழியாகப் போய்விடும். கோழிகள் கூடையோடு தேயிலைக்குள் இறங்கும். விறகு பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு படுக்கையாக மாறும். வருகிறவர் எதையாவது பார்த்தால் அது தோட்டத்தை நடத்தும் துரையின் காதுக்குப் போகும், துரையின் காதுக்குப் போனால் வேலையும் போகும், வீடும் போகும். எங்களுக்கு இது நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். பிள்ளைகளான நாங்கள் இந்த ஒளிக்கும் வேலையில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

லயத்தின் கடைசி வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை, புருஷனை இழந்தவள். பகலில் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மிளகாய் இடிக்க உட்காருவாள். பதுளையில் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் காய்ந்த மிளகாய் வாங்கி, வறுத்து இடித்துச் சலித்து, தூளாக அவருக்கே விற்பாள். அந்தத் தூள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க ஆட்கள் வருகிறார்கள் என்று நானா சொல்லியனுப்புவார். அத்தைக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அம்மா வைக்கும் குழம்பைப் பார்த்து, இதெல்லாம் ஒரு நிறமா என்பாள்.

ஆனால் அவள் எங்களைத் தொடமாட்டாள். உலக்கை பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளில் காரம் ஊறிக் கிடந்தது. எத்தனை தடவை கழுவினாலும் போகாது. ஆசையோடு ஓடிப்போனால், "கிட்ட வராத தாயி, எரியும்" என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் நான் அழுததுகூட உண்டு.

பசறை டவுனில் சின்னதாக ஒரு அறை எடுத்து, அரைக்கிற மெஷின் ஒன்று போட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் ஆட்களுக்கு நெடுநாள் கிடைக்காத பிரஜாவுரிமைக் கடதாசி கைக்கு வந்ததும் நானாவே அவளைக் கடன் கேட்க வங்கிக்குக் கூட்டிப்போனார். தானே பிணை நிற்பதாகவும் சொன்னார். திரும்பி வந்த அத்தை, அங்கே தன்னை நாற்காலியில் உட்காரச் சொன்னதை லயம் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வங்கியிலிருந்து ஒரு ஐயா வீட்டுக்கு வந்து பார்ப்பாராம்.

அப்பாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. லயத்து வீட்டில் வியாபாரம் நடப்பது துரைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"தொழிலப் பாக்கத்தானே வர்றாருண்ணே" என்றாள் அத்தை.

"பாத்துட்டு நேரா தொர பங்களாவுக்குப் போய்ச் சொல்லமாட்டாருன்னு என்ன நிச்சயம்? நாம ஒழுங்கான ஆளுங்கதானான்னு பாக்க வர்றாரு. ஒழுங்கா இருப்போம்."

அத்தை எழுந்து விளக்குமாற்றை எடுத்தாள். பிறகு ஆளுக்கொரு பக்கம் வேலையில் இறங்கினோம். மிளகாய் மூட்டைகள் பக்கத்து வீடுகளில் அடைக்கலமாயின. உரல் தலைகீழாகக் கவிழ்ந்து, மேலே பூப்போட்ட துணி விரித்துக்கொண்டது. சல்லடைகளை நான்தான் தேயிலைக்குள் கொண்டுபோய் வைத்தேன். தரை மெழுகி, காரநெடி தெரியாமலிருக்கச் சாம்பிராணி போட்டார்கள். கிரீம் பிஸ்கட் வாங்கிவந்து தட்டில் அடுக்கினார்கள். அந்த வீடு அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூச்சு வாங்க ஏறி வந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கமும் போய்ப் பார்த்தார். அங்கே பெருக்கிச் சுத்தமாக்கிய மண் மட்டும் இருந்தது. நானும் அத்தையும் வாசற்படியோரம் நின்றோம்.

"நீங்கள் என்ன தொழில் செய்யிறனீங்கள் அம்மா?" என்று அத்தையைக் கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார். "கொழுந்து எடுக்குதுங்க ஐயா. வேற ஒரு வம்புக்கும் போறதில்லீங்க."

அப்போதுதான் அவர் தும்மினார். ஒன்றல்ல, அடுக்கடுக்காக. கூரைத் தகரத்தில் படிந்திருந்த தூளை நாங்கள் மறந்துபோயிருந்தோம். அகப்பட்டோம் என்றே நினைத்தேன். அவரோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர அத்தையைப் பார்த்தார்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ. நான் தோட்டத்து ஆள் இல்லை."

அத்தை என் கையைப் பிடித்தாள். என்றைக்கும் தொடாதவள் இறுக்கிப் பிடித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சமையலுக்கு வறுத்ததுங்க" என்றாள்.

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, வீட்டை நல்ல துப்புரவாக வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். மிச்ச பிஸ்கட் எங்களுக்குக் கிடைத்தது. அதைத் தின்றபடியே மூட்டைகளை ஊர்வலமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தோம்.

பிறகு ஒருநாள் நானா வந்தார். "தொழில் நடக்கிற அடையாளமே இல்லயாம் தங்கச்சி. வெறும் வீட்டுக்கு எப்படிக் கடன் கொடுக்கிறண்டு கேக்குறாங்க" என்றார். அந்த ஐயாவை இன்னொரு தடவை கூப்பிடலாமே என்றும் சொல்லிப் பார்த்தார். அப்பா சம்மதிக்கவில்லை. அத்தை பூப்போட்ட துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். உலக்கையைத் தூக்க முடிந்தவரை இடித்துக்கொண்டே இருந்தாள். பசறையில் அவளுக்கு ஒரு அறை அமையவே இல்லை.

அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்க வருகிறவர் எல்லாரும் பிடிக்க வருகிறவர்கள் என்றுதான் அவர் பிழைப்பு அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. உதவி செய்யவும் ஒருவர் மலையேறி வருவார் என்பதை அவர் எங்கே கண்டார்? ஆனாலும் நினைத்தால் வயிறு எரிகிறது.

வங்கி ஐயா வந்த அன்று சாயங்காலம் வரை என் கை எரிந்துகொண்டிருந்தது. தண்ணீரில் வைத்தும் ஆறவில்லை. எனக்கோ அத்தை என் கையைப் பிடித்துவிட்டாள் என்ற சந்தோஷம். ஒளிக்க முடிந்ததையெல்லாம் ஒளித்துவிட்ட பிறகு, மிச்சமிருந்த ஒரே அத்தாட்சியான தன் கையையும் அவள் என் கைக்குள் ஒளித்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.