உடை மாற்றும் அறையில் இரண்டு குரல்

பள்ளி விருந்துக்குக் கவுன் வாங்க இன்று ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். முதல் முறையாகத் தனியாக.

என் குட்டை உயரத்துக்குக் கவுன் எடுப்பது லேசான காரியமில்லை. எப்போதும் கதவுக்கு வெளியே என் தோழி ஷாமினி நின்று தீர்ப்புச் சொல்வாள். போன மாதம் அவள் குடும்பம் ஜொகூருக்கு மாறிப்போய்விட்டது.

அதனால் அவள் குரலிலும் நானே பேசினேன்.

“நல்லாருக்காடி?”

“ஐயோ, கணுக்கால் வரைக்கும் வேணாம் லா! கவுன் உன்னைய முழுங்கிட்ட மாதிரி இருக்கு.”

“அப்ப இது?”

“இடுப்பு ஏறி, முட்டிக்கு மேல நிக்குது. இப்பதான் உனக்குக் காலு இருக்குன்னே தெரியுது!”

கடை அக்கா கதவைத் தட்டினார். “தங்கச்சி, ஒரு ரூமுக்கு ஒரு ஆளுதான்! இன்னொருத்தவங்க வெளிய வாங்க.”

திறந்தேன். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். கண்ணாடியைத் தவிர யாருமில்லை.

சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“உங்க கூட்டாளி சொன்னது சரிதான்,” என்றார் மெதுவாக. “இதையே எடுத்துக்கங்க.”

எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விருந்தில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன. குள்ளமானவர்களுக்கு முன்னுரிமை.