பக்கீர் முகைதீன் வெளியேற்றப்பட்ட ஒன்பது நாட்கள்

என் காக்கா, அதாவது மூத்த சகோதரர், பக்கீர் முகைதீன் கல்முனையில் ஒரு நெல் ஆலையில் இயந்திரம் ஓட்டியவர். பதினொரு ஆண்டுகளாகக் கசிப்பு எனும் கள்ளச்சாராயத்துக்கு அடிமை. 1984 பங்குனியில் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்மார், இனிக் குடித்தால் மனைவி வீட்டை விட்டு வெளியேறுவதாக அவரிடம் எழுத்தில் ஒப்பம் பெற்றனர். பிரதி என்னிடம் உள்ளது. முப்பத்தெட்டு நாட்கள் குடிக்காதிருந்தார். மறுநாள் குடித்தார். அன்றே வெளியேற்றினார்கள். அவர் மனைவி நதீரா வாய் திறக்கவில்லை.

எங்களூரில் மணமுடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போகிறான். பிறந்த வீடு சகோதரிக்குச் சீதனமாகிறது. எங்கள் உம்மாவின் வீடு தங்கை றம்ஸியாவுடையது. அவள் கணவர் கதவைத் திறக்கவில்லை. நானும் மனைவி வீட்டில் இருப்பவன். காக்கா ஆலைக் கொட்டிலில் சாக்குகளின்மேல் படுத்தார்.

ஐந்தாம் நாள் சோறு கொண்டுபோனேன்.

"எனக்கு இனிக் கபுறுக் குழி ஒண்டுதான் மிச்சம். அதையும் எவளுக்கும் சீதனமாக் குடுத்திராதீங்க" என்றார். கூலியாட்கள் சிரித்தார்கள். பின்னர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். எனக்குப் பயம் பிடித்தது.

மருந்தகத்து அப்போதிக்கரி கனகசபாபதியிடம் போனேன்.

"சாகிற எண்ணம் இருக்கா எண்டு நேராக் கேட்டீங்களா?"

"அப்படிக் கேட்டா நாமளே வழி காட்டின மாதிரி ஆகாதா, ஐயா?"

"ஆகாது. கேளுங்க. தனிய விடாதீங்க. குடியை விட்டுத் திரும்ப விழுந்தவன், போக்கிடமும் இல்லாதவன். இதுதான் மோசமான நேரம்."

கேட்டேன். "ஓம், இருக்கு" என்றார் காக்கா.

அன்றிலிருந்து கொட்டிலில் அவருடனேயே இருந்தேன். அங்கிருந்து அவரை வீட்டுக்குத் திரும்ப விடும்படி மரைக்காயர்மாருக்கு மூன்று மனுக்கள் எழுதினேன். குடிகாரனுக்குத் துணைபோகிறேன் என்று எனக்கே கண்டனக் கடிதம் வந்தது. களைத்துப்போய், அந்த "ஓம்" பற்றி நதீராவிடம் சொன்னேன். அவள் நேரே மரைக்காயர் சீனிமுகம்மது வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"மரைக்கார், நான் இரிக்கிற வீட்டு உறுதிப்பத்திரம் ஆர்ட பேர்ல?"

"உன்ட பேர்லதான், புள்ள."

"அப்ப அதுக்குள்ள இருந்து ஒருத்தரை வெளிய போட என்னட்டக் கேட்டீங்களா?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. என் மூன்று மனுக்களிலும் அந்த உறுதியைப் பற்றி ஒரு வரியில்லை.

ஒன்பதாம் நாள் அவளே கொட்டிலுக்கு வந்தாள்.

"குடியை விட்டுட்டு வாங்க எண்டு சொல்ல வரல்ல. குடிச்சாலும் வீட்டுக்கு வாங்க."

அவ்வாண்டில் காக்கா பலமுறை குடித்தார். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கே வந்தார். அவள் கதவைத் திறந்தாள். மகிழ்ந்து திறந்தாள் என்று எழுதமாட்டேன். இதை எழுதும் 1988இல், என்மீதான கண்டனம் இன்னும் நீக்கப்படவில்லை. காக்கா உயிருடன் இருக்கிறார்.